நிற்கிறவளைத் தேடி வந்த குதிரைகள்

ஆடிக் காற்று செம்மண்ணை அள்ளி ஊர் முகத்தில் அப்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், செவக்காட்டூர் பஸ் ஸ்டாண்டு முக்கில் போக்குவரத்தைச் சரிசெய்துகொண்டு நின்ற கான்ஸ்டபிள் சங்கரவடிவின் முதுகுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பெண்குதிரை வந்து நின்றது; அவள் இடப்பக்கம் திரும்பினால் அதுவும் இடப்பக்கம் திரும்பியது, அவள் கையைக் காட்டி லாரியை நிறுத்தினால் அதுவும் லாரியை ஒரு பார்வை பார்த்தது, அவள் விசில் ஊதினால் மட்டும் காதை மடக்கிக்கொண்டது. மதியம் வரை அவள் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அன்று ஆடி அமாவாசை, நான்கு பக்கமும் வேன்கள். தன் மேல் நிழல் விழுகிறதே, காலையில் இல்லாத நிழல் எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள்.

குதிரையைக் கண்டு ஊரில் யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. யாருடைய குதிரை என்றுதான் கேட்டார்கள், செவக்காட்டூரில் ஆளோ ஆடோ எது புதிதாக வந்தாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான். யாருடையதும் இல்லை என்று தெரிந்ததும் ஏட்டு சொர்ணப்பாண்டி அதைக் கேட்பாரற்ற சொத்து என்று ஸ்டேஷனில் எழுதவைத்து, பிடிபட்டு வருஷக்கணக்கில் வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த மணல் லாரியின் பம்பரில் தேங்காய்க் கயிற்றால் கட்டிவைத்தார். விடிந்து பார்த்தால் கயிறு கட்டினபடி இருக்கிறது, குதிரை வடிவின் வீட்டு வாசலில், கோலப்பொடி டப்பாவை முகர்ந்துகொண்டு நிற்கிறது. கோர்ட்டில் சொல்லி ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் அதை வேனில் ஏற்றி மூன்று மாவட்டம் தாண்டிக் கொண்டுபோனார். அவர் ஊர் போய்ச் சேர்ந்து போன் பண்ணுவதற்குள் குதிரை இங்கே திரும்பியிருந்தது, அதோடு கூட ஒரு கறுப்புக் குதிரையும் வந்திருந்தது.

அதற்குப் பிறகு வரத்து நிற்கவில்லை. சாம்பல் நிறத்தில் ஒன்று, நெற்றியில் வெள்ளைச் சுழியோடு ஒன்று, ஒரு கண் பூத்துப்போன கிழட்டுக் குதிரை ஒன்று, கன்றுக்குட்டி உயரமே இருந்த மட்டக்குதிரை ஒன்று என்று, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும், ரயில் கேட்டைத் தாண்டியும் குளத்துக் கரையில் இறங்கியும், ஒரு அவசரமும் இல்லாமல் வந்து வடிவின் பின்னால் சேர்ந்தன. அவள் நடந்தால் நடந்தன, நின்றால் நின்றன. மும்பையில் இட்லிக் கடை வைத்திருந்த அவள் புருஷனுக்கு போனில் சொன்னபோது, "வரட்டும், ரேஷன் கார்டுல மட்டும் சேத்துராத" என்று சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டான்.

ஸ்டேஷனில்தான் புகைச்சல். அங்கே ஆணும் பெண்ணுமாக எத்தனையோ கான்ஸ்டபிள்கள் இருக்க, குதிரைகள் இவளிடம் மட்டும் ஒட்டிக்கொண்டதைச் சிலரால் ஜீரணிக்க முடியவில்லை. ஒருத்தர் கொள்ளு ஊறவைத்துப் பையில் போட்டுக்கொண்டுகூட வந்து பார்த்தார். குதிரைகள் கொள்ளைத் தின்றுவிட்டு வடிவின் பக்கம் போய் நின்றுகொண்டன. சாஸ்தா கோயில் பூசாரி, இவை சாமியின் குதிரைகள், கோயிலில்தான் சேர்க்கவேண்டும் என்று வந்து மணியை ஆட்டிப் பார்த்தார், ஒன்றுகூடத் திரும்பவில்லை. மணிச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

விஷயத்தை உடைத்தவர் பழைய கோயில் ஃபாதர் மிக்கேல். பூசை லத்தீனில் நடந்த காலத்திலேயே குருமடத்துக்குப் போனவர். இப்போது கண் மங்கி, காது மட்டும் கூர்மையாக, கோயில் வாசலில் சாய்வு நாற்காலியில் கிடப்பார். குளம்புச் சத்தத்தோடு வடிவு அந்த வழியாகப் போனபோது கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏ வடிவு, ஒன் வேலைக்கு என்ன பேரு?"

"கான்ஸ்டபிள் ஃபாதர். இது என்ன கேள்வி?"

"அந்தப் பேரு இங்கிலீஷ்ல பொறந்தது இல்லம்மா. லத்தீன்ல கோமெஸ் ஸ்தாபுலி. லாயத்துக்குப் பொறுப்பாளின்னு அர்த்தம். ராசா வீட்டுக் குதிரையப் பாத்துக்கிடுதவன். அந்தப் பேரு பெறவு ஏறி ஏறி, பிரான்சு நாட்டுல ராசாவுக்கு அடுத்த சேனாபதிக்கே அதான் பேரு. அப்புறம் எறங்கி எறங்கி, கடைசில ஒன் தலைல வந்து விழுந்திருக்கு."

"அப்ப இதுக?"

"பேரு இங்க இருக்கு, லாயத்தக் காணும். தேடிக்கிட்டு வந்திருக்கு."

"ஸ்டேஷன்ல எல்லாருக்கும் அதே பேருதான ஃபாதர்?"

கிழவர் குளம்புச் சத்தம் வந்த பக்கம் காதைத் திருப்பினார். "அவங்கல்லாம் போலீஸா இருக்காங்க. நீ ஒருத்திதான் கான்ஸ்டபிளாவே நிக்க. நிக்கிறவளத் தேடித்தான் வருது."

அது உண்மைதான். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நாற்காலி, எஸ்.ஐ.க்கு ஒன்று, ரைட்டருக்கு ஒன்று, மனு கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. கான்ஸ்டபிள் உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, உட்கார இடமும் இல்லை. மற்றவர்கள் பைக் சீட்டிலும் டீக்கடை பெஞ்சிலும் ஜீப்பின் பின்னாலும் பொழுதை ஒப்பேற்றிவிடுவார்கள். வடிவுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. தேரோட்டத்துக்கு நின்றாள், மந்திரி கார் போவதற்கு நின்றாள், கார் வேறு வழியாகப் போய்விட்டது என்று யாரும் வந்து சொல்லாததால் பொழுது சாய்கிறவரை நின்றாள், மகளை வயிற்றில் சுமந்தபோதும் ஏழாம் மாதம் வரை நின்றாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. இரவில் மகள் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவாள். காக்கி உடுத்தியபின் ஊர் கண்முன்னால் அவள் உட்கார்ந்ததே கிடையாது, அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆசையும் அதனால்தான், ஸ்டேஷனில் எஸ்.ஐ. நாற்காலி என்று இருக்கிறதே, அதில் உட்கார்ந்து வேலை பார்க்கவேண்டும். அதற்காகத்தான் துறைத் தேர்வுப் புத்தகத்தைச் சமையல்கட்டில் எண்ணெய்க் கறையோடு வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஃபாதர் சொன்னது ஊருக்குள் பரவியதும் குதிரை பின்னால் போய்விட்டது, பேர் முன்னால் வந்துவிட்டது. இங்கிலீஷ் பேரில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் பழைய கோயில் வாசலில் வரிசை கட்டினார்கள். பிளம்பர் தங்கத்துரைக்கு ஈயம் என்று வந்தது, வீட்டுக்குப் போய் ஏதாவது கட்டிகட்டியாக வந்து கிடக்கிறதா என்று கொல்லைப்புறத்தைப் பார்த்தான். டெய்லருக்கு வெட்டுகிறவன் என்று வந்தது, சம்பந்தம் பேசப் போன இடத்தில் அவர் அதை வெளியே சொல்லவில்லை. நர்சுக்குப் பால் கொடுக்கிறவள் என்றும், தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்குச் சாமியார் என்றும், பியூனுக்குக் காலால் நடக்கிறவன் என்றும் வந்தது, பியூன் மட்டும், "அத நீங்க சொல்லித்தான் தெரியணுமா ஃபாதர்" என்று செருப்பைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். பேங்க் மேனேஜரின் பேரிலும் குதிரை இருந்தது, குதிரையைக் கையால் பழக்குகிறவன் என்று. அவர் வடக்கத்தி மனிதர், தனிக்கட்டை. அன்றிலிருந்து விடிகாலையில் கேட்டைத் திறந்துவைத்து, கையில் வெல்லத்தோடு வாசலில் நிற்பார். ஒரு மட்டக்குதிரைகூட அவர் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. வேறு யாருக்கும் எதுவும் வரவில்லை, வந்தது வடிவுக்கு மட்டும்தான்.

ஊர் சும்மா இருக்குமா? குதிரைச் சாணம் வாழைக்கு அவ்வளவு நல்லது என்று கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டார்கள், வடிவு ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தால் மாப்பிள்ளையைச் சுமந்தபடி குதிரை பின்னால் வரும். பயந்த குழந்தைகளை அதன் வயிற்றுக்கடியில் நுழைத்து எடுத்தார்கள், வால்முடியில் மோதிரம் முடைந்து காது குத்துக்குப் போட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் குதிரை பார்க்க இறங்கியதில் பொன்னையா அண்ணாச்சியின் டீக்கடை ஹோட்டலாயிற்று, ஆவுடைத்தாயின் பூக்கூடை பூக்கடையாயிற்று. ராத்திரி ரோந்துக்கு வடிவு போனால் நாற்பது ஐம்பது குளம்புகள் ஒரே நேரத்தில் தார் ரோட்டில் விழும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும், திருட்டு அறவே நின்றது, ஜனங்கள் பின்கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினார்கள். கடைசியில் வசூல் பண்ணி, ஸ்டேஷனை ஒட்டிய காலி இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, தண்ணீர்த் தொட்டி கட்டி, மின்விசிறி மாட்டினார்கள். ஒவ்வொரு விசிறியின் இறக்கையிலும் உபயம் இன்னார் என்று எழுதப்பட்டது, டியூப்லைட்டுகளில் உபயதாரர் பேரை எழுதி எழுதி வெளிச்சமே வெளியே வரவில்லை. திறப்பு விழாவில் வடிவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை அவள் நின்றபடி வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கும் குதிரைகள் மேல் உயிர். இல்லையென்று சொன்னால் பொய். முதலில் வந்த சிவப்புக் குதிரையைச் செவலை என்று கூப்பிட்டாள். பந்தோபஸ்து நீண்டுபோய்க் கால் கடுக்கும் நேரத்தில் செவலை அரை அடி முன்னால் வந்து விலாவைக் கொடுக்கும், வடிவு யாரும் பார்க்காத மாதிரி அதில் லேசாகச் சாய்ந்துகொள்வாள். இத்தனை வருஷ நிற்றலில் அவளுக்குச் சாய ஒரு இடம் கொடுத்தது அந்த ஜீவன் ஒன்றுதான்.

தை மாதத்தில் தேர்வு முடிவு வந்தது. வடிவு பாஸ். பயிற்சிக்குக் கிளம்பவேண்டும், முடித்தால் தோளில் நட்சத்திரம், சப்-இன்ஸ்பெக்டர். பட்டாசு வெடித்தார்கள், லட்டு கொடுத்தார்கள், பிளக்ஸ் வைத்தார்கள். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைதான். லட்டு தின்ற வாயோடு பிளம்பர் தங்கத்துரை பழைய கோயிலுக்குப் போய், "ஏன் ஃபாதர், அந்தம்மா எஸ்.ஐ. ஆயிட்டா பேரு மாறிருமே, குதிரை?" என்று கேட்டான். "பேரத் தேடி வந்தது, பேரு போனா போயிரும்" என்றார் ஃபாதர்.

மறுநாளே பிளக்ஸின் வாசகம் மாறியது: எங்கள் கான்ஸ்டபிளே, எங்களை விட்டுப் பிரியாதே. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு வேன் நிறைய ஜனம் போய், சங்கரவடிவு அவர்களுக்குப் பதவி உயர்வு கொடுக்கக்கூடாது என்று அன்போடு மனுக் கொடுத்தது. கலெக்டர் மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு எஸ்.பி. ஆபீஸுக்கு அனுப்பினார், எஸ்.பி. ஆபீஸ் உரிய நடவடிக்கைக்காக செவக்காட்டூர் ஸ்டேஷனுக்கு அனுப்பியது, ஸ்டேஷனில் அதை வாங்கிவைத்தவள் வடிவு. தன்னை மேலே போகவிடக்கூடாது என்று யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஊரே போட்டிருந்தது.

ஏட்டு சொர்ணப்பாண்டி சமரசத்துக்கு வந்தார். "எம்மா வடிவு, ஒண்ணு செய்யி. எஸ்.ஐ. வேண்டாம். என்னைய மாதிரி ஏட்டா ஆயிரு. ஹெட் கான்ஸ்டபிள். பதவியும் ஒசந்தாச்சு, பேரும் அங்கனயே கெடக்கும், குதிரைக்கும் ஒரு கொழப்பம் இருக்காது."

"நீங்க உக்காந்தா பேசுதிய ஏட்டய்யா?"

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது அவருக்கு.

பூக்கார ஆவுடைத்தாய் வீட்டுக்கே வந்து அழுதாள். "குதிரையே நின்னுக்கிட்டுத்தான தூங்குது தாயி, அதுக்கு வலிக்கா என்ன? நாலு பேரு பொழைக்கோம்லா" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் பேத்தியின் கல்லூரிப் படிப்பு அந்தப் பூக்கடையில்தான் ஓடிக்கொண்டிருந்தது, வடிவுக்கும் அது தெரியும், தெரிந்ததால்தான் அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. போகாமலிருந்தால் என்ன என்று ஒரு முழு ராத்திரி நினைத்தாள். விடிகிற நேரத்தில் எழுந்து நிற்கப்போனபோது வலது கால் மரத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்த மகள், "எம்மா, நீ போ" என்றாள்.

கிளம்புகிற நாள் காலையில், அவள் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், மெயின் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர் உட்கார்ந்திருந்தது. சாலை மறியல். முன்வரிசையில் பெண்கள், நடுவில் ஹோட்டல்காரரும் சைக்கிள் கடைக்காரரும் வாழைக்காரர்களும், பின்னால் யாரோ கயிறு பிடித்துக் கொட்டகையிலிருந்து ஓட்டிவந்த குதிரைகள். அவள் ஏறவேண்டிய திருநெல்வேலி பஸ் அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் கண்ணாடியை இறக்கி, "உனக்காகத்தானம்மா மறியல், நீயே பேசிக் கலைச்சிரு. பஸ் ஏறுற வரைக்கும் நீ நம்ம ஸ்டேஷன் கான்ஸ்டபிள்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஆக, தன்னைப் போகவிடாமல் தடுக்கிற ஜனத்தைக் கலைப்பதுதான் வடிவுக்குக் கடைசி வேலை என்று ஆயிற்று. எத்தனையோ மறியலைக் கலைத்தவள்தான், ஆனாலும் அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எந்திரிங்க எல்லாரும். பஸ்ஸு நிக்கி" என்றாள்.

"போகலன்னு ஒரு வார்த்த சொல்லு தாயி, எந்திரிச்சிருதோம்" என்றாள் ஆவுடைத்தாய்.

பொன்னையா அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "மேடம், ஒங்களுக்கு இந்த ஊரு என்ன கொற வச்சுது? தலைல தூக்கி வச்சு ஆடலையா? மாலை போடலையா? வீட்டுப் பிள்ளையாத்தான பாத்தோம்? எந்த ஊர்ல கான்ஸ்டபிளுக்குப் பிளக்ஸ் வச்சிருக்கான், சொல்லுங்க."

வடிவு பெட்டியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, தாழும். "கொற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. குதிரைக்குக் கொட்டகை போட்டிய. தொட்டி கட்டினிய. ஃபேன் போட்டு அதுல பேரு எழுதினிய. இந்த முக்குலதான் நானும் நிக்கேன், வேலைக்கு வந்த நாள்லேருந்து, ஒங்க கடைக்கு நேரா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, யாராவது ஒரு ஸ்டூலத் தூக்கிப் போட்டு உக்காரும்மான்னு சொல்லியிருக்கியளா?"

ஆவுடைத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பொன்னையாவின் முகம் செத்துப்போனது, ஏனென்றால் அவர் கடையில் பெஞ்சு ஆறு கிடந்தது. ஆனால் வியாபாரி மூளை, சட்டென்று வழி கண்டுபிடித்தது. "இவ்வளவுதான? இத மொதல்லயே சொல்லக்கூடாதா மேடம்?" என்று கடைக்குள் ஓடி, கைப்பிடி வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் சேரைத் தூக்கிவந்து, நடுரோட்டில் போட்டு, துண்டால் இரண்டு தரம் தட்டினார். "உக்காருங்க. இனி தெனமும் உண்டு. கொட போடுதோம், மேல தகரம் போடுதோம், தண்ணி வைக்கோம். போவ மட்டும் செய்யாதிய."

"உக்காரு தாயி" என்றாள் ஆவுடைத்தாய். "உக்காருங்கக்கா, உக்காருங்கம்மா" என்று முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரைக்கும் ஒரே குரலாக எழுந்தது. அந்தக் குரலில் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது, இரண்டையும் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

வடிவு சேரைப் பார்த்தாள். ஜனத்தைப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, நடுரோட்டில், ஊர் கண்முன்னால், காக்கி உடுப்போடு உட்கார்ந்தாள். பாதத்திலிருந்து ரத்தம் மெல்ல மேலே ஏறியது. முழங்கால் தளர்ந்தது. இடுப்பு தளர்ந்தது. அப்பாடா என்று அவள் வாய்விட்டுச் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது. இவ்வளவு சுகமா இது, இதையா இத்தனை வருஷம் தரவில்லை என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது, இனிமேல் நிற்கமாட்டேன் என்று மனசு அந்த நொடியில் முடிவு கட்டிவிட்டது.

பின்வரிசையில் கறுப்புக் குதிரை தலையைத் தூக்கியது. காற்றை ஒரு தரம் முகர்ந்துவிட்டு, கயிறு பிடித்திருந்தவன் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு, மேற்கே பார்த்து நடந்தது. அதன் பின்னால் சாம்பல் நிறக் குதிரை. அதன் பின்னால் நெற்றிச் சுழி, பூத்த கண், மட்டக்குதிரை. ஓடவில்லை, மிரளவில்லை, வந்தபோது எப்படி வந்தனவோ அதே நிதானத்தில், உட்கார்ந்திருந்த ஜனங்களின் தலைகளுக்கிடையே குளம்பு படாமல் காலெடுத்து வைத்து, ஒவ்வொன்றாகப் போயின.

முதலில் ஆவுடைத்தாய்க்குத்தான் புரிந்தது. "ஏ தாயி, எந்திரி!" என்று கத்தினாள். "எந்திரி, எல்லாம் போவுது பாரு!" பொன்னையா சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிங்க மேடம், ஒரு நிமிசம், ஒரே நிமிசம் நின்னாப் போதும், நின்னுட்டு உக்காருங்க" என்று கெஞ்சினார். உட்காரு என்று சொன்ன அத்தனை வாயும் எந்திரி, எந்திரி என்றது. மறியலுக்கு உட்கார்ந்த ஊர் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது, ரோட்டில் உட்கார்ந்திருந்தவள் வடிவு ஒருத்திதான்.

செவலை கடைசியாக வந்தது. சேருக்கு முன்னால் நின்று, பழக்கப்படி அரை அடி முன்னால் வந்து, விலாவைக் காட்டியது. வடிவின் கால்கள் அவளைக் கேட்காமலே தரையை ஊன்றின. அவள் சேரின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"நீ போ செவல" என்றாள்.

செவலை கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. பிறகு திரும்பி, மற்றவை போன வழியில் போனது. எந்திரிங்கம்மா, எந்திரிங்கம்மா என்று ஊர் அவளைச் சுற்றி நின்று கதறிக்கொண்டிருக்க, கண்ணீர் வழிய வழிய, கைப்பிடியை விடாமல், வடிவு உட்கார்ந்திருந்தாள்.